அத்தியாயம் 3: காரை வீட்டுக்குக் கைவைத்தியம்

தாத்தா கட்டிய வீடு உங்கள் கைக்கு வந்திருக்கும். இல்லையென்றால் ஊர்ப்பக்கம் ஒரு பழைய வீட்டை ஆசைப்பட்டு வாங்கியிருப்பீர்கள். வெளியே சித்திரை வெயில் கொளுத்தும்போதும் ரேழியில் கால் வைத்தால் சில்லென்று இருக்கிறது. முற்றத்து வெளிச்சம் நகர நகரத் தாழ்வாரத்தில் தூண் நிழலும் நகர்கிறது. திண்ணையில் சாய்ந்தால் எழுந்திருக்க மனம் வருவதில்லை. இதற்கெல்லாம் மயங்கித்தான் வாங்கினீர்கள், தப்பில்லை. ஆனால் சுவரின் அடிப்பக்கம் காரை பொரிந்து, தொட்டால் மாவாகக் கொட்டுவதைப் பார்த்ததும் அடுத்து ஒரு யோசனை வருமே, அதுதான் ஆபத்து: ‘எல்லாவற்றையும் கொத்திப்போட்டுவிட்டு சிமெண்ட் பூசிவிடலாம்.’

பூச வேண்டாம். அந்தச் சில்லென்ற ரேழி உங்களுக்குப் பிடித்திருந்தால் அதைத் தருகிற சுவரைச் சுவராக இருக்க விட வேண்டும். அது எப்படி என்பதுதான் இந்த அத்தியாயம்.

## சிமெண்ட் ஏன் கூடாது

1930களுக்கு முன் கட்டிய வீடென்றால் அநேகமாகச் செங்கல்லைப் பிடித்திருப்பது சுண்ணாம்புக் காரைதான். சுவர் ஒன்றரை அடி, இரண்டடி கனம் இருக்கும். இன்றைய வீடுகளில் அஸ்திவாரத்துக்கு மேல் போடும் ஓதத் தடுப்பு அதில் பெரும்பாலும் இருக்காது. ஆகவே மண்ணின் ஈரம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுவரில் ஏறிக்கொண்டேதான் இருக்கும். சுண்ணாம்புப் பூச்சு அதை வெளியே விட்டுவிடும். வெயிலும் காற்றும் உலர்த்திவிடும். ஏறுவதும் உலர்வதும் சரிக்குச் சரியாக இருந்தவரை வீட்டுக்கு ஒரு குறையும் இல்லை.

சிமெண்ட் பூச்சில் ஈரம் அவ்வளவு எளிதாக வெளியேறாது. வழி அடைபட்ட ஈரம் மேலே ஏறும். இரண்டடியில் நின்ற ஓதம் நாலடிக்குப் போகும். ஈரத்தோடு வந்த உப்பு பூச்சுக்குப் பின்னால், செங்கல்லுக்குள்ளேயே படிகமாகிக் கல்லைப் பொடியாக்கும். வெளியே பூச்சு பலகைபோல் விறைப்பாக நிற்கும். நாலைந்து வருஷம் கழித்து அது பெயரும்போது பின்னால் செங்கல் கரைந்து குழி விழுந்திருக்கும். வால் புட்டி, பிளாஸ்டிக் எமல்ஷன், ‘வாட்டர் ப்ரூஃப்’ என்று விற்கும் பூச்சுகள், சுவரடியில் ஒட்டும் டைல்ஸ் எல்லாம் இதே காரியத்தைத்தான் செய்கின்றன. தத்துவம் இவ்வளவு போதும்.

## உங்கள் சுவரில் இருப்பது எது?

1. கண்ணில் படாத மூலையில் பூச்சைக் கொஞ்சம் பெயர்த்து, செங்கல்லுக்கு நடுவில் இருக்கும் காரையை ஓர் ஆணியால் கீறுங்கள். சுண்ணாம்பென்றால் கீறல் விழுந்து தூளாக உதிரும். சிமெண்டென்றால் ஆணி வழுக்கும்.
2. நிறத்தைப் பாருங்கள். சுண்ணாம்புக் காரை வெள்ளை அல்லது மங்கிய பழுப்பு. நடுவே வெள்ளைக் கட்டிகளும் செங்கல் துணுக்குகளும் தெரியும். சிமெண்ட் சாம்பல் நிறம்.
3. அறை அறையாகப் பாருங்கள். முன்கட்டு சுண்ணாம்பாகவும், பிற்பாடு இழுத்துக் கட்டிய அடுப்படியும் குளியலறையும் சிமெண்டாகவும் இருப்பது சகஜம்.

இடையில் யாரோ சிமெண்ட் பூசியிருந்தால் அவசரப்பட்டு உளி வைக்காதீர்கள். தட்டினால் ‘டொப்’பென்று பொள்ளலாகக் கேட்கும் இடத்தை மட்டும் எடுங்கள். இறுகப் பிடித்திருக்கும் சிமெண்டை வலுக்கட்டாயமாகப் பெயர்த்தால் செங்கல்லின் முகமும் சேர்ந்து வரும். அப்போது இழப்பு இரட்டிப்பு.

## வேலைக்கு ஒரு வருஷக் கணக்கு

பழைய வீட்டு வேலையில் ஆளைவிட, பணத்தைவிட, மாதம் முக்கியம். வரிசை இது:

1. ஐப்பசி, கார்த்திகை: மழையில் வீட்டைப் பாருங்கள். எதையும் தொட வேண்டாம்.
2. தை, மாசி: கூரை, தண்ணீர் வடிகால்.
3. பங்குனி முதல் ஆனி வரை: சுவர் காயட்டும். கனமான சுவர் காய மாதக்கணக்கில் ஆகும்.
4. ஆடி, ஆவணி: பூச்சு.
5. புரட்டாசி: வெள்ளையடிப்பு.

தலைகீழாகச் செய்பவர்கள்தான் அதிகம். கிரகப்பிரவேச நாள் குறித்துவிடுவார்கள். சுவர் பளபளவென்று ஆகும். அந்த ஐப்பசியில் கூரை ஒழுகி எல்லாம் பாழ். நாள் குறிப்பதானால் அடுத்த தைக்குக் குறியுங்கள்.

## மழையில் பார்ப்பது

டார்ச், ஸ்க்ரூடிரைவர், பென்சில், நோட்டு, செல்போன் கேமரா இருந்தால் போதும். மேலிருந்து கீழே வாருங்கள், தண்ணீர் வரும் வழியும் அதுதான்.

ஓட்டுக் கூரை. உள்ளே விளக்கை அணைத்துவிட்டுப் பகலில் அண்ணாந்து பாருங்கள். வெளிச்சப் புள்ளி தெரியும் இடமெல்லாம் ஓடு நகர்ந்தோ உடைந்தோ இருக்கிறது. இரண்டு சரிவுகள் சேரும் கூடல்வாயில்தான் ஒழுக்கு அதிகம். அங்கே தகரம் துருப்பிடித்திருக்கும், இலை அடைத்திருக்கும். ஓட்டில் முத்திரை இருந்தால் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பாசல் மிஷன்காரர்கள் மங்களூரில் 1865இல் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கினார்கள். பிறகு பல ஆலைகள் வந்தன. ஒவ்வோர் ஆலை ஓட்டுக்கும் அளவும் கொக்கியும் கொஞ்சம் மாறும். உடைந்ததற்கு மாற்று தேடும்போது அந்தப் படத்தைப் பழைய ஓட்டுக் கடையில் காட்டினால் அலைச்சல் மிச்சம்.

மெட்ராஸ் டெரஸ். தேக்குக் கட்டைகளின் மேல் சின்னச் செங்கற்களைக் குத்துவாக்கில், சாய்வாக அடுக்கி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு இடித்துக் கெட்டித்து, தட்டு ஓடு பதித்த மாடி இது. இதில் பார்க்க வேண்டிய இடம் ஒன்றே ஒன்று: கட்டையின் நுனி சுவருக்குள் நுழையும் இடம். அங்கேதான் ஈரம் தேங்கும். ஸ்க்ரூடிரைவரால் குத்துங்கள். நல்ல தேக்கு முனையைத் திருப்பி அனுப்பும். ரஸ்க்கில் குத்துவதுபோல் உள்ளே இறங்கினால் நோட்டில் சிவப்பு மையால் எழுதுங்கள். கட்டைக்குக் கீழே மெல்லிய மரத்தூள் கொட்டியிருந்தால் வண்டு. மண் குழாய் ஏறியிருந்தால் கரையான்.

அரச மரம், ஆல மரம். கைப்பிடிச் சுவரில் ஒரு விரல் கனத்தில் நிற்கும் அரசங்கன்றைக் கையால் பிடுங்காதீர்கள். வேர் காரைக்குள் நாலு திசையும் ஓடியிருக்கும். இழுத்தால் சுவரே வரும். தண்டை வெட்டி, சுற்றியுள்ள காரையைச் சுரண்டித் தளர்த்தி, வேரை முடிந்தவரை உருவி எடுத்து, ஓட்டையைச் சுண்ணாம்புக் காரையால் அடையுங்கள். மணிக்கட்டைவிடப் பருத்த வேரென்றால் விவரம் தெரிந்த கொத்தனாரைக் கூப்பிடுங்கள்.

விரிசல். விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். அகலமான இடத்தில் குறுக்காக ஒரு சிறு கண்ணாடித் துண்டை இரு பக்கமும் ஒட்டுங்கள். கண்ணாடி உடைந்தால் சுவர் நகர்கிறது. ஒரு மழைக்காலம், ஒரு கோடை இரண்டையும் பார்த்த பிறகு முடிவெடுங்கள். கரிசல் மண் மழையில் உப்பிக் கோடையில் சுருங்கும்; மேலே நிற்கும் வீடும் அதோடு அசையும். நாலு மாதம் பார்த்துவிட்டுப் பயப்படவும் வேண்டாம், நிம்மதியடையவும் வேண்டாம்.

சுவரடி. ஓதம் எந்த உயரம் வரை ஏறியிருக்கிறது என்று கோடு போடுங்கள். மேலேயிருந்து இறங்கும் கறை ஒழுக்கு. தரையிலிருந்து ஒரே மட்டத்தில் ஏறும் கறை ஓதம். நடுச்சுவரில் தனியாகத் தெரியும் கறை பெரும்பாலும் குழாய்க் கசிவு. சந்தேகமென்றால் ஓரடிக்கு ஓரடி பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் சுவர்ப்பக்கம் வியர்த்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறைப்பக்கம் வியர்த்திருந்தால் அறைக்குக் காற்றோட்டம் போதவில்லை, ஜன்னலைத் திறந்து வைத்தால் பாதி வேலை முடிந்தது.

மின்சாரம். மரப்பட்டைக்குள் ஓடும் பழைய ஒயரிங்கில் ரப்பர் உறை பொடிந்திருக்கும், எர்த் இருக்காது. ஈரச் சுவரும் அந்த ஒயரும் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. சுவரில் கை வைக்கும் முன் மெயினை அணையுங்கள். மின்கசிவு வந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றை எலக்ட்ரீஷியனை வைத்துப் போடச் சொல்லுங்கள். மற்ற வேலை எதுவும் இதற்குப் பிறகுதான்.

### நீங்கள் தொடக் கூடாதவை

கீழே உள்ளவற்றில் ஒன்று தெரிந்தாலும் பழைய கட்டடம் பழகிய ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர் வந்து பார்க்கும்வரை காத்திருங்கள்:

- விரிசல் 5 மில்லிமீட்டருக்கு மேல் அகலம், அல்லது கண்ணாடித் துண்டு உடைந்தது
- தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தால் சுவர் வயிறு தள்ளியிருப்பது
- உத்திரத்தின் நுனி உளுத்துப்போனது, நடுவில் தொய்ந்தது
- இரண்டு சுவர் சேரும் மூலையில் மேலிருந்து கீழ்வரை பிளவு

‘பழைய வீடா? இடித்துவிட்டுப் புதுசா கட்டிக்கலாம் சார்’ என்று வாசலிலேயே நின்று சொல்பவர் உங்களுக்கான இன்ஜினீயர் இல்லை. உள்ளே வந்து உத்திர நுனியைத் தட்டிப் பார்ப்பவரைத் தேடுங்கள். அவர் முட்டுக் கொடுக்கச் சொன்னால் அன்றே கொடுங்கள்.

## தண்ணீரைத் திருப்பி விடுதல்

பூச்சு வேலையில் பாதி, பூச்சே இல்லாத வேலை. ஓதத்துக்குக் காரணம் பெரும்பாலும் சுவருக்கு வெளியே இருக்கும்.

1. தெரு மட்டம். தெருவில் தார் மேல் தார் போட்டு, வாசற்படி மூன்றிலிருந்து ஒன்றாகிவிட்டதா? தெருத் தண்ணீர் சுவரடியில்தான் நிற்கும். தெருவை இறக்க முடியாது. உங்கள் இடத்துக்குள் சுவரை ஒட்டி ஓரடி அகலம், தரை மட்டத்துக்குக் கீழ் அரையடி வரை மண்ணை எடுத்து ஜல்லி நிரப்பி, தண்ணீர் ஒரு பக்கமாக வடியச் சரிவு கொடுங்கள். அஸ்திவாரத்துக்குக் கீழே தோண்டாதீர்கள்.
2. சுற்றுத்தளம். வீட்டைச் சுற்றி யாராவது சிமெண்ட் தளம் போட்டிருந்தால், சுவரை ஒட்டிய ஓரடியையாவது உடைத்தெடுங்கள். மண்ணின் ஈரம் அங்கே ஆவியாகட்டும். இல்லாவிட்டால் சுவருக்குள்தான் போகும்.
3. முற்றம். முற்றத்துத் தூம்பில் ஒரு குடம் தண்ணீரைக் கொட்டி, அது எங்கே வெளிவருகிறது என்று ஓடிப்போய்ப் பாருங்கள். வராவிட்டால் அது உங்கள் அஸ்திவாரத்துக்குள் இறங்குகிறது என்று அர்த்தம். முற்றத்துக்கு மேல் ஃபைபர் ஷீட் போட்டு மூடும் எண்ணம் இருந்தால் கைவிடுங்கள். அந்த வீட்டின் சூடான காற்று வெளியேறும் வழி அதுதான். குரங்குக்கும் திருடனுக்கும் பயந்தால் கம்பி வலை போதும்.
4. மொட்டை மாடி. தட்டு ஓட்டின் இடுக்குகளைச் சுரண்டி, சுண்ணாம்பும் செங்கல் தூளும் கலந்த காரையால் நிரப்புங்கள். பழைய தளத்தின் மேலேயே இன்னொரு சிமெண்ட் தளம் போடுவது மாடிக் கட்டைகளின் மேல் பாரத்தை ஏற்றுவதுதான், ஒழுக்கும் நிற்காது.

பாதுகாப்பு: ஓட்டின் மேல் நேராகக் கால் வைக்காதீர்கள். கைமரங்களின் மேல் குறுக்காகப் பலகை போட்டு அதில் உட்கார்ந்து நகருங்கள். பாசி இருந்தால், மழை பெய்திருந்தால் ஏறவே வேண்டாம். தனியாக ஏறாதீர்கள். ஓட்டைத் தூக்கும்போது கை முதலில் போகக் கூடாது, குச்சி போகட்டும். தேள் அங்கேதான் குடியிருக்கும்.

## காரை கூட்டுதல்

இது நிதானமாகப் படிக்க வேண்டிய பகுதி.

சுண்ணாம்பு இரண்டு விதமாகக் கிடைக்கும். சுட்ட கல், கிளிஞ்சல் சுண்ணாம்பை வாங்கி நீங்களே நீற்றலாம். ஊர்ப்பக்கம் இதைத் தாளிப்பது என்பார்கள். இல்லாவிட்டால் மூட்டையில் வரும் நீற்றிய பொடியை வாங்கித் தண்ணீரில் ஊறவைக்கலாம். முதல் தடவை செய்பவருக்கு என் சிபாரிசு இரண்டாவதுதான். நீற்றும் சுண்ணாம்பு கொதித்துத் தெறிக்கும். பழகாத கைக்கு அது வேண்டாத வீரம். ஆனால் பொடி புதுசாக இருக்க வேண்டும். காற்றுப்பட்டுக் கட்டிதட்டிய பழைய மூட்டை பாதி சுண்ணாம்புக்கல்லாகவே திரும்பியிருக்கும், பிடிக்காது.

நீற்றுவதானால்:

1. செங்கல் தொட்டியோ இரும்புப் பீப்பாயோ எடுங்கள். பிளாஸ்டிக் வாளி உருகும்.
2. கண்ணை முழுக்க மூடும் கண்ணாடி, ரப்பர் கையுறை, முழுக்கைச் சட்டை, பூட்ஸ். குழந்தைகளும் நாயும் அந்தப் பக்கமே வரக் கூடாது.
3. முதலில் தண்ணீர், பிறகு சுண்ணாம்பு. கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். சுண்ணாம்புக் குவியலின் மேல் தண்ணீரைக் கொட்டினால் வெடித்துத் தெறிக்கும்.
4. நீளமான கழியால் கிளறுங்கள். தொட்டிக்கு நேர் மேலே குனியாதீர்கள். மூடி போட்டு இறுக்காதீர்கள்.
5. ஆறியதும் சல்லடையில் வடிகட்டி, மேலே நாலு விரல்கடை தண்ணீர் நிற்கும்படி விட்டு, குறைந்தது 2 வாரம் ஊறவிடுங்கள். நாள் ஆக ஆக வெண்ணெய்போல் ஆகும்.

கண்ணில் தெறித்தால் தேய்க்காதீர்கள். ஓடும் நல்ல தண்ணீரில் 20 நிமிடம் விடாமல் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எண்ணெய், பால் எதுவும் கண்ணில் விடக் கூடாது. வேலை தொடங்கும் முன்பே ஒரு குடம் நல்ல தண்ணீரைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மணல். கடல் மணல் கூடவே கூடாது; உப்பு திரும்பச் சுவருக்குள் போய்விடும். ஆற்று மணலோ கழுவிய பி-சாண்டோ நல்லது. கண்ணாடிப் பாட்டிலில் பாதிக்கு மணல் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி ஒரு மணி நேரம் வையுங்கள். மணலுக்கு மேல் படியும் வண்டல், மணல் உயரத்தில் பத்தில் ஒரு பங்கை நெருங்கினால் மணலைக் கழுவுங்கள்.

செங்கல் தூள். இதை விட்டுவிடுகிறவர்கள் அதிகம். வெறும் சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துத்தான் இறுகும். ஈரமான சுவரடியில் அது மாதக்கணக்கில் இழுக்கும். மிதமாக வெந்த செங்கல்லை இடித்துச் சலித்த தூள் சேர்ந்தால் ஈரத்திலும் இறுகும்.

அளவு (கன அளவில், ஒரே சட்டியால் அளக்கவும்):

- அடிப்பூச்சு: சுண்ணாம்பு 1, மணல் 2, செங்கல் தூள் 1
- மேற்பூச்சு: சுண்ணாம்பு 1, சலித்த நைஸ் மணல் 2

முந்தின நாளே கலந்து, ஈரச் சாக்குப் போட்டு மூடி வையுங்கள். மறுநாள் தண்ணீர் சேர்க்காமல், உலக்கையால் இடித்தும் மண்வெட்டியால் புரட்டியும் மறுபடி பதமாக்குங்கள். முதலில் முரண்டு பிடிக்கும். கால் மணி நேரத்தில் தானாக இளகும். பதம் தெரிய ஒரு வழி: கரணையில் ஒரு கவளம் எடுத்துத் தலைகீழாகக் கவிழ்த்துப் பிடியுங்கள். சற்று நேரம் ஒட்டியிருந்து பிறகு மெல்ல வழுக்கினால் சரி. சட்டென்று விழுந்தால் தண்ணீர் அதிகம். விழவே மறுத்தால் இன்னும் இடிக்க வேண்டும்.

கடுக்காய், கருப்பட்டி ஊறவைத்த தண்ணீரைச் சேர்ப்பது நம் கொத்தனார்களின் பழைய வழக்கம். அளவு ஆளுக்கு ஆள் மாறும். சேர்க்க ஆசைப்பட்டால் வீட்டின் பின்பக்கம் ஒரு முழம் சுவரில் பூசி ஒரு மாதம் பார்த்துவிட்டுச் சேருங்கள். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த, பளிங்குபோல் மினுங்கும் செட்டிநாட்டுப் பூச்சு வேறு சங்கதி. அது பல படைகளாகப் பூசி, கூழாங்கல்லால் இழைக்கும் கைத்திறன். அதைப் புத்தகம் பார்த்துச் செய்ய முடியாது. உங்கள் வீட்டில் அந்தப் பூச்சு இருந்தால் கீறாதீர்கள், வெள்ளையடிக்காதீர்கள், மெல்லிய ஈரத் துணியால் துடைப்பதோடு நிறுத்துங்கள்.

## பூசுதல்

1. விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போய்ப் பொள்ளல் இடங்களைச் சாக்பீஸால் வளையுங்கள். அதற்குமேல் ஒரு சாண் சேர்த்து எடுங்கள். அதற்கு அப்பால் உள்ள நல்ல பூச்சைத் தொடாதீர்கள். ஒரே மாதிரி வேண்டும் என்பதற்காக முழுச் சுவரையும் கொத்துவது வீண்.
2. செங்கல் இடுக்கில் உதிரும் காரையை அரை அங்குலம் ஆழத்துக்குச் சுரண்டுங்கள்.
3. வெள்ளையாகப் பூத்திருக்கும் உப்பைக் காய்ந்த தூரிகையால் தள்ளி, முறத்தில் பிடித்து வெளியே போடுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு மறுபடி உள்ளேயே போகும்.
4. பூசுவதற்கு முந்தின நாள் மாலையும், அன்று காலையும் சுவரை நனையுங்கள். ஈரம் தெரிய வேண்டும், வழியக் கூடாது. காய்ந்த செங்கல் காரையின் தண்ணீரை உறிஞ்சிவிடும். பூச்சு பொரிவதற்கு முதல் காரணம் இதுதான்.
5. இடுக்குகளை முதலில் நிரப்புங்கள். அடுத்த நாள் அடிப்பூச்சு, 10 முதல் 12 மில்லிமீட்டர் கனம். குழி ஆழமென்றால் இரண்டு தடவையாகப் பூசுங்கள். ஒரே தடவையில் அப்பினால் தொங்கி விழும்.
6. மறுநாள் கட்டைவிரலால் அழுத்துங்கள். விரல் உள்ளே போகாமல் நகம் மட்டும் பதிந்தால், மணியாசுக் கட்டையால் அழுத்தித் தேயுங்கள். முடி விரிசல் வந்திருந்தால் இப்போதே மூடிவிடும்.
7. ஒரு வாரம், பத்து நாள் கழித்து மேற்பூச்சு, 3 மில்லிமீட்டர். இரும்புக் கரணையால் கண்ணாடிபோல் இழைக்காதீர்கள்; மேலே தோல் கட்டி உள்ளே காயாது.
8. வெளிச்சுவருக்கு ஈரச் சாக்கு தொங்கவிடுங்கள். ஆடிக் காற்று ஒரே நாளில் உறிஞ்சிவிடும். ஒரு வாரம் காலையும் மாலையும் லேசாகத் தெளித்தால் போதும்.

கொத்தனாரைக் கூலிக்கு வைத்துச் செய்கிறீர்களா? மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ‘சீக்கிரம் இறுகட்டும்னு ஒரு கை சிமெண்ட் போட்டேண்ணே’ என்பார். அந்தக் கலவையைச் சுற்றுச்சுவருக்கு அனுப்பிவிட்டுப் புதிதாகக் கூட்டச் சொல்லுங்கள். சிமெண்ட் மூட்டை அந்தப் பக்கமே இல்லாமல் பார்த்துக்கொள்வது இன்னும் நல்லது.

பூச்சு முடிந்த முதல் மழைக்காலத்தில் சுவரடியில் மறுபடி கொஞ்சம் உப்பு பூக்கும். பயப்பட வேண்டாம். சுவர் உள்ளே வைத்திருந்த உப்பை வெளியே தள்ளுகிறது, தள்ளிவிடுங்கள். அடியில் ஓரிரு அடிப் பூச்சை சில வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கலாம். செங்கல்லுக்குப் பதில் பூச்சு போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

## வெள்ளையடிப்பு

ஊறிய சுண்ணாம்பைப் பால் பதத்துக்குக் கரைத்து, துணியில் வடிகட்டி, ஈரமாக்கிய சுவரில் மட்டையாலோ தூரிகையாலோ மெல்லிசாக அடியுங்கள். அடிக்கும்போது சுவர் தெளிவாகத் தெரியும், காய்ந்தால்தான் வெளுக்கும். இது தெரியாமல் முதல் கையிலேயே கெட்டியாக அடிப்பவர்கள்தான் ‘சட்டையில் ஒட்டுகிறது’ என்று சுண்ணாம்பைக் குறை சொல்கிறார்கள். நாள் ஒரு கை வீதம் நான்கு கை. சொட்டு நீலம் கொஞ்சம் சேர்த்தால் மஞ்சளிப்பு போகும். நிறம் வேண்டுமென்றால் காவியோ மஞ்சள் ஆக்சைடோ சேருங்கள்; சாதாரண பெயிண்ட் ஸ்டெய்னர் பல, சுண்ணாம்பில் வெளிறிவிடும்.

## மரமும் தரையும், சுருக்கமாக

பழைய கதவுப் பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. காய்ந்த உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், தீப்பந்தம் காட்டாதீர்கள். நனைத்துத் தேய்த்து, மாஸ்க் போட்டு, கழிவைக் கட்டி அப்புறப்படுத்துங்கள். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அன்று வீட்டில் இருக்க வேண்டாம். தேக்குக்கு ஆளிவிதை எண்ணெய் பூசுவதானால் மெல்லிசாகப் பூசித் துடையுங்கள். எண்ணெய் ஊறிய துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள்; தானே சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயவைத்த பிறகே குப்பைக்கு.

ஆத்தங்குடிக் கல் சுடாத கல். கண்ணாடித் தட்டின் மேல் வண்ணம் ஊற்றி, சிமெண்ட் வைத்து, தண்ணீரில் ஊறப்போட்டுச் செய்வது. ஆசிட் பட்டால் பூ வேலை போய்விடும். தினமும் ஈரத் துணி, எப்போதாவது ஒரு துளி தேங்காய் எண்ணெய் தோய்ந்த துணி, அவ்வளவுதான். பழைய தரையின் மேல் விட்ரிஃபைட் டைல்ஸ் ஒட்டினால் தரையின் ஈரம் போக இடமில்லாமல் சுவருக்கு ஓடும். நீங்கள் ஒரு வருஷம் பட்ட பாடு வீண்.

## கொத்தனார் வரும் முன் இரண்டு வேலை

ஒன்று, அனுமதி. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள தேசிய முக்கியத்துவமுள்ள சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் உங்கள் வீடு இருந்தால் அது தடை செய்யப்பட்ட பகுதி. அதற்கு அப்பால் 200 மீட்டர் கட்டுப்படுத்தப்பட்ட பகுதி. 2010இல் திருத்தப்பட்ட சட்டம் இது. பழுது பார்க்கவும் முன் அனுமதி வேண்டும். தஞ்சாவூர், மாமல்லபுரம் போன்ற ஊர்களில் பலருக்கு நோட்டீஸ் வந்த பிறகுதான் இது தெரியவருகிறது.

இரண்டு, ஒரு நாள் ஊர் சுற்றல். கானாடுகாத்தான், காரைக்குடிப் பக்கம் தங்கும் விடுதியாக மாறிய வீடுகள் இருக்கின்றன. முட்டுக்காட்டில் தக்ஷிணசித்ராவில் பல ஊர்ப் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள். உங்கள் கொத்தனாரையும் கூடவே கூட்டிப்போங்கள். பயணச் செலவு உங்களுடையது. சுவரைத் தட்டியும் தடவியும் பார்க்கட்டும். அங்கே வேலை செய்தவர்கள் யார் என்று விசாரிக்கட்டும். திரும்பி வரும்போது மணலும் செங்கல் தூளும் எந்த அளவு என்று அவரே உங்களிடம் பேரம் பேசத் தொடங்கியிருந்தால், வேலையைத் தை மாதம் ஆரம்பிக்கலாம்.